பூசணம் படிக்கும் பெண்

ஊறுகாய் ஜாடியில் வெள்ளையாகப் படர்ந்தால் மேலாக வழித்துப் போடுவது, ரொட்டியில் பச்சை பூத்தால் அந்த ஓரத்தைக் கிள்ளி எறிவது. பல வீடுகளில் பூசணத்தைப் பற்றிய ஞானம் அவ்வளவோடு சரி. இதையே இரண்டு வருஷம் உட்கார்ந்து படிக்கிறார்கள் என்றால் நம்புவீர்களா? என் அக்கா மகள் எம்.எஸ்ஸி. தாவரவியலில் மைகாலஜியை, அதாவது பூஞ்சை இயலை, சிறப்புப் பாடமாக எடுத்திருக்கிறாள். "உனக்கு வேற பாடமே கிடைக்கலையாடி?" என்று அக்கா அலுத்துக்கொண்டதுண்டு. நமக்கும் உபயோகப்படுமே என்று நான்தான் அவளைத் துருவித் துருவிக் கேட்டேன்.

தாவரவியலில் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தாலும் பூஞ்சை செடி இல்லையாம். பச்சையம் கிடையாது. தன் உணவைத் தானே தயாரிக்கத் தெரியாது. 1969ல் விட்டேக்கர் என்ற அமெரிக்க அறிஞர் அதைத் தனி இனமாகவே பிரித்து வைத்தார். குடைக்காளான், ஆப்பத்துக்கு ஊற்றும் கள்ளைப் பொங்க வைக்கும் ஈஸ்ட், ஈரச் செருப்பில் பூக்கும் பூசணம், எல்லாம் ஒரே குடும்பம்! இந்தப் படிப்பில் நம் சென்னைக்குப் பெரிய பெயர் உண்டு. சென்னைப் பல்கலைக் கழகத்தில் டி.எஸ். சதாசிவனும், அவரிடம் பயின்ற சி.வி. சுப்ரமணியனும் இதை வளர்த்தவர்கள். சுப்ரமணியனின் 'ஹைபோமைசீட்ஸ்' என்ற பெரிய நூல் 1971ல் வெளிவந்தது.

ஆய்வுக்கூடத்தைப் பற்றிக் கேட்டால் நம் சமையலறைதான் ஞாபகம் வருகிறது. தோல் சீவிய உருளைக்கிழங்கு 200 கிராம் வேகவைத்து வடிகட்டி, டெக்ஸ்ட்ரோஸ் சர்க்கரை 20 கிராம், அகர் 20 கிராம் சேர்த்து ஒரு லிட்டராக்குகிறார்கள். அகர் வேறொன்றுமில்லை, நாம் புட்டிங் செய்யும் சைனா கிராஸ்தான். பிறகு 15 ராத்தல் அழுத்தத்தில், 121 டிகிரியில், 15 நிமிஷம். நம் பிரஷர் குக்கரின் அக்காதான் அந்த ஆட்டோகிளேவ். ஆறியதும் கண்ணாடித் தட்டுகளில் ஊற்றி, ஊசியைத் தீயில் பழுக்கக் காட்டி ஆறவிட்டு, துளி பூசணத்தை எடுத்து நடுவில் வைக்க வேண்டும். தட்டின் மூடியை முழுக்கத் திறந்தால் போச்சு, காற்றில் இருக்கிற கண்டதெல்லாம் வந்து உட்காரும். மடியாக இருப்பதில் நம் பாட்டிமார்களே தோற்றுப்போவார்கள்!

ஐந்தாறு நாளில் தட்டு முழுக்கப் படர்ந்துவிடும். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் பெனிசீலியம் சின்னப் பெயின்ட் பிரஷ் மாதிரி இருக்கும். வெங்காயத்தில் கருப்பாகப் படிகிறதே, அந்த அஸ்பர்ஜில்லஸ் நம் பன்னீர்ச் செம்பின் தலை மாதிரி.

களப் பயணம் மழைக்காலத்தில்தான். நாலு நாள் மலைக்காடு என்றதும் அக்கா ஒரேயடியாக மறுத்துவிட்டாள். உடன் வரும் பேராசிரியையிடம் நானே பேசி, வனத்துறை அனுமதி, தங்குமிடம் எல்லாம் விசாரித்த பிறகுதான் சம்மதித்தாள். காளான்களைப் பிளாஸ்டிக் பையில் போட்டால் வியர்த்து அழுகிவிடும், காகிதத்தில்தான் பொதிய வேண்டும். எந்த இடம், எந்த மரம், என்ன நிறம், என்ன வாசனை என்று அங்கேயே குறித்துக்கொள்ள வேண்டும். ராத்திரி காளானின் குடையை மட்டும் வெட்டிக் காகிதத்தில் கவிழ்த்து, மேலே ஒரு டம்ளரை மூடி வைத்தால், காலையில் விதைத்தூள் கோலம் போட்டதுபோல் படிந்திருக்கும். அந்த நிறமும் ஒரு அடையாளம். "இவ்வளவு பார்த்தும் பேர் சொல்ல முடியாத காளான் எத்தனையோ இருக்கு சித்தி. காட்டுக் காளானை யாரும் கண்ணால பார்த்து நம்பிச் சாப்பிடக்கூடாது" என்கிறாள்.

நாம் கவனிக்க வேண்டியது நிலக்கடலை. 1960ல் இங்கிலாந்தில் லட்சத்துக்கும் மேலான வான்கோழிக் குஞ்சுகள் செத்துப்போயின. காரணம், தீவனத்தில் கலந்த கடலைப் பிண்ணாக்கில் வளர்ந்த பூசணத்தின் விஷம். அஃப்ளாடாக்ஸின் என்று பெயர். 1974ல் ராஜஸ்தானிலும் குஜராத்திலும் மழையில் நனைந்த மக்காச்சோளத்தைச் சாப்பிட்டு, ஈரல் கெட்டு நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். இந்த விஷம் வறுத்தாலும் வேகவைத்தாலும் முழுக்கப் போகாது. எனவே சுருங்கிய, நிறம் மாறிய, கசக்கும் கடலையைப் பொறுக்கி எறிந்துவிடுங்கள். "பாதி நல்லாத்தானே இருக்கு" என்று குழந்தைக்குப் பொடி அரைக்க வேண்டாம். ரொட்டியிலும் கண்ணுக்குத் தெரிவது மேலே பூத்தது மட்டும்தான், வேர் மாதிரி இழை உள்ளே ஓடியிருக்கும்.

படித்து முடித்தால் மருந்துத் தொழிற்சாலை, பயிர் நோய் ஆராய்ச்சி, ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடம் என்று வேலைக்கு வழி இருக்கிறது. பி.எஸ்ஸி.யில் தாவரவியல் எடுத்திருந்தால் சேரலாம். ஆஸ்துமா உள்ள பெண்ணாக இருந்தால் மட்டும், இந்தத் தூள் மூச்சுக்கு ஒத்துக்கொள்ளுமா என்று டாக்டரைக் கேட்டுவிட்டுச் சேருங்கள்.