போனில் வங்கி இருந்தும் வரிசையில் நிற்பது ஏன்?



ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். மகன் யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் ஒரு கடையில் வேலை செய்கிறான். தாய் மலைநாட்டில் கொழுந்து பறிக்கிறார். மாத முடிவில் மகன் தன் போனிலுள்ள வங்கிச் செயலியின் மூலம் வீட்டுக்குப் பணம் அனுப்புகிறான். சில நொடிகளில் பணம் தாயின் கணக்கில் விழுந்துவிடுகிறது. ஆனாலும் மறுநாள் காலையில் தாய் வேலைக்குப் போகாமல் பஸ் ஏறி டவுனுக்குப் போய் வங்கி வரிசையில் நிற்கிறார். எதற்காக? "காசு விழுந்திருக்கா?" என்று கேட்பதற்காக! அன்றைய பேர் போச்சு. பஸ் காசும் போச்சு.

"அம்மா, ஒங்க போன்லயே பாக்கலாமே. தீபாவளிக்கு வந்தப்ப ஏத்திக் குடுத்தேனே?"

"அது இருக்குடா. எதையாவது அமுக்கப் போயி இருக்கிற காசும் போயிருமோன்னு பயமா இருக்கு."

செயலியைப் போனில் ஏற்றிவிட்டுப் பயன்படுத்தாமல் இருப்பவர்கள் எங்கும் உண்டு. இதை அறியாமை என்று ஒதுக்கிவிடக் கூடாது. அந்தப் பயத்தில் ஒரு நியாயம் இருக்கிறது.

யாழ்ப்பாணத்தையே பாருங்கள். 'மணியோடர் பொருளாதாரம்' என்று அந்த ஊருக்கு ஒரு பெயர் உண்டு. வெள்ளைக்காரன் காலத்தில் மலாயாவிலும், கொழும்பு முதலிய தென்பகுதிகளிலும் உத்தியோகம் பார்த்தவர்கள் மாதாமாதம் வீட்டுக்கு மணியோடர் அனுப்பினார்கள். தபாற்காரர் வீட்டு வாசலில் காசை எண்ணிக் கொடுத்துக் கையெழுத்து வாங்கினார். யுத்த காலத்தில் பிள்ளைகள் கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் போனார்கள். அப்போது உண்டியல் முறை பரவியது. அங்கே ஒருவரிடம் பணம் கட்டினால், இங்கே இன்னொருவர் கொண்டுவந்து கொடுப்பார். 2009இல் யுத்தம் முடிந்தபின் பல வங்கிகள் வடக்கில் புதிய கிளைகளைத் திறந்தன. இப்போது செயலி வந்திருக்கிறது.

வழி எத்தனை முறை மாறினாலும் சனங்கள் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "காசு வராட்டி ஆர் பொறுப்பு?" தபாற்காரர் தெரிந்த முகம். உண்டியல்காரரும் தெரிந்த ஆள். செயலிக்கு முகம் இல்லை. தாயின் பயத்துக்குக் காரணம் இதுதான்.

தொழில்நுட்பத்தில் குறை சொல்வதற்கில்லை. 2012இல் ஈசி கேஷ் வந்தபோதே சாதாரண போனிலிருந்து பணம் அனுப்ப முடிந்தது. 2015 முதல் லங்காபே வலையமைப்பின் ஊடாக ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்கு உடனுக்குடன் பணம் போகிறது. 2024 பெப்ரவரி 12 அன்று இந்தியாவின் யூபிஐ முறையும் இங்கே தொடங்கியது. சென்னையிலிருந்து பலாலியில் வந்து இறங்கும் பயணி, லங்கா கியூஆர் அட்டை வைத்த கடையில் தன் போனாலேயே பணம் கொடுக்கலாம். ஆகவே கருவி தயார். நம்பிக்கைதான் இன்னும் தயாராகவில்லை.

அதை வளர்ப்பது முதலில் வங்கியின் கடமை. நமது அட்டனில் 1888இல் பிறந்த வங்கிதான் இன்றைய ஹட்டன் நெஷனல் வங்கி. அது 1989இல் 'கமி புபுதுவ' என்ற கிராமியக் கடன் திட்டத்தைத் தொடங்கியது. வாடிக்கையாளர் வங்கிக்கு வரட்டும் என்று காத்திராமல், உத்தியோகத்தரே கிராமத்துக்குப் போனார். செயலிக்கும் அதே வழிதான் வேண்டும். சம்பள நாளில் வங்கி உத்தியோகத்தர் தோட்டத்துக்கு வந்து, பத்துப் பேருடன் உட்கார்ந்து, அவர்கள் கண்முன்னே நூறு ரூபா அனுப்பிக் காட்டட்டும். செயலியில் நமக்கு விளங்கும் தமிழ் இருக்கட்டும். உதவி கேட்டு அழைத்தால் தமிழில் பேச ஓர் ஆள் இருக்கட்டும். விளம்பரக் குறுஞ்செய்தி பத்து அனுப்புவதை விட, "உங்கள் கணக்கில் இவ்வளவு பணம் வந்தது" என்ற ஒரு செய்தி நூறு மடங்கு நல்லது.

நாம் செய்ய வேண்டியவை:

1. முதல் மாதம் மீதியை மட்டும் பாருங்கள். மீதி பார்ப்பதால் கணக்கிலுள்ள பணம் யாருக்கும் போய்விடாது. கை பழகும், பயம் தெளியும்.

2. அடுத்து, தெரிந்த ஒருவருக்குச் சிறு தொகை அனுப்பிப் பாருங்கள். கணக்கு இலக்கத்தை இரண்டு தடவை வாசியுங்கள். தவறான கணக்குக்குப் போன பணத்தைத் திரும்பப் பெறுவது பெரும்பாடு.

3. இரகசிய இலக்கத்தையும், போனுக்கு வரும் ஓடிபி இலக்கத்தையும் யாருக்கும் சொல்லாதீர்கள். "பேங்கிலிருந்து பேசுறோம்" என்றாலும் சொல்லக் கூடாது. உண்மையான வங்கி அதைக் கேட்காது.

4. செயலியைப் பிளே ஸ்டோர் போன்ற முறையான இடத்திலிருந்து மட்டும் ஏற்றுங்கள். பரிசு விழுந்தது என்று வரும் இணைப்புகளைத் தொடாதீர்கள்.

5. போன் தொலைந்தால் தாமதிக்காமல் வங்கிக்கும் சிம் நிறுவனத்துக்கும் அறிவித்து நிறுத்தச் சொல்லுங்கள்.

6. கணக்கில் பிழை கண்டால் வங்கிக்கு எழுத்தில் முறையிட்டுப் பிரதியை வைத்திருங்கள். தீர்வு கிடைக்காவிட்டால் மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் பிரிவை 1935 இலக்கத்தில் அழைக்கலாம். இணைய மோசடி என்றால் இலங்கை சேர்ட் அமைப்பின் இலக்கம் 101.

படித்த பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. அம்மாவின் போனை வாங்கி நீங்களே எல்லாவற்றையும் செய்து முடித்துவிடாதீர்கள். பக்கத்தில் இருந்து, அவர் விரலாலேயே செய்ய விடுங்கள். இரகசிய இலக்கம் அவருக்கு மட்டுமே தெரியட்டும். அவருடைய உழைப்பின் காசு அவர் கையிலேயே இருக்க வேண்டும்.

அடுத்த மாதம் மகன் பணம் அனுப்பும்போது, அந்தத் தாய் லயத்து வாசலில் இருந்தபடியே மீதியைப் பார்த்துவிட்டு மலைக்குப் போகட்டும். அன்றைய பேரும் மிச்சம், பஸ் காசும் மிச்சம்!