ஏழைகளின் சரித்திரம் எழுதியவர் வெளிநாட்டு மந்திரி ஆனார்!

1980-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம். போலந்து நாட்டின் கடற்கரை நகரமான கதான்ஸ்க்.

அங்குள்ள கப்பல் கட்டும் தளத்தில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். தாடி வைத்த ஒரு சரித்திர ஆசிரியர், நண்பர் ஒருவருடன் அங்கே வந்தார். கையில் ஒரு கடிதம். அரசாங்கம் தொழிலாளர்களுடன் பேசித் தீர்க்கவேண்டும் என்று 64 அறிஞர்கள் கையெழுத்துப் போட்ட கடிதம் அது!

தொழிலாளர் தலைவர் லெக் வாலேசா ஒரு மின்சாரத் தொழிலாளி. கடிதம் மட்டும் போதாது, கூட இருந்து யோசனை சொல்லவேண்டும் என்று அவர் கேட்டார். வந்தவர்கள் தங்கிவிட்டார்கள்.

அந்தச் சரித்திர ஆசிரியர்தான் பிரானிஸ்லாவ் கெரெமெக்.

தப்பிய சிறுவன்

கெரெமெக் 1932-ல் வார்சா நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்தார். இரண்டாவது உலக யுத்தத்தில், ஹிட்லரின் ஆட்கள் யூதர்களைச் சுவருக்குள் அடைத்துவைத்தார்கள். 1943-ல் தாயும் மகனும் தப்பினார்கள். தந்தை ஆஷ்விட்ஸ் சிறைமுகாமில் மாண்டார்.

தாய்க்கும் மகனுக்கும் அடைக்கலம் கொடுத்தவரின் பெயர் கெரெமெக். தாயார் பிறகு அவரை மணந்துகொண்டார். அந்தப் பெயரே மகனுக்கும் நிலைத்தது.

சிறை

படித்துப் பட்டம் பெற்ற கெரெமெக், ராஜாக்களின் கதையை எழுதவில்லை. பழைய பாரிஸ் நகரத்துப் பிச்சைக்காரர்கள், நாடோடிகள், திருடர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று ஆராய்ந்து எழுதினார்.

கம்யூனிஸ்டு கட்சியில் இருந்த அவர், 1968-ல் செக்கோஸ்லோவாகியாவுக்குள் ரஷ்யப் படை புகுந்ததும் விலகினார்.

தொழிலாளர் பக்கம் நின்றதற்கு விலை கொடுக்கவேண்டி வந்தது. 1981 டிசம்பரில் ராணுவச் சட்டம் வந்தது. கெரெமெக் ஓராண்டு காவலில் வைக்கப்பட்டார். 1983-ல் மறுபடியும் கைது! 1985-ல் வேலையும் போயிற்று.

மந்திரி பதவி

1989-ல் காலம் மாறியது. அரசாங்கமே தொழிலாளர் தலைவர்களை வட்டமேஜைக்கு அழைத்தது. அங்கே பேசியவர்களில் கெரெமெக் முக்கியமானவர். தேர்தலில் வென்று பார்லிமெண்டு உறுப்பினர் ஆனார். 1997-ல் வெளிநாட்டு மந்திரி பதவி அவரைத் தேடி வந்தது.

1939-ல் ஜெர்மனி ஒரு பக்கமும் ரஷ்யா மறுபக்கமும் புகுந்து பங்கு போட்ட நாடு போலந்து. மறுபடி அந்த நிலை வரக்கூடாது. பலமான துணை வேண்டும் என்று நினைத்தார் மந்திரி. 1999-ம் ஆண்டு மார்ச் 12-ந் தேதி, அமெரிக்காவில் நடந்த விழாவில், போலந்து 'நேட்டோ' ராணுவக் கூட்டணியில் சேர்வதற்கான பத்திரத்தை அவரே ஒப்படைத்தார்.

மீண்டும் பாடம்

2000-ல் மந்திரி பதவியை விட்டார். அதற்காகச் சும்மா இருக்கவில்லை. மறுபடியும் மாணவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். ஐரோப்பியப் பார்லிமெண்டிலும் உறுப்பினராக இருந்தார்.

2008 ஜூலை 13-ந் தேதி கார் விபத்தில் உயிர் இழந்தார். அப்போது அவருக்கு வயது 76.