மறைத்துக்கொண்டு ஆற்ற முடியாத தையல்

என் சித்தி மகள், வயிற்றைத் தட்டையாக்கும் டம்மி டக் ஆபரேஷன் முடிந்து, மூன்றாம் நாள் டிஸ்சார்ஜ் ஆகி நேரே என் வீட்டுக்குத்தான் வந்தாள். திருச்சியில் மாமியாரிடம் ‘ஹெர்னியா ஆபரேஷன்’ என்று சொல்லிவைத்திருந்தாள். அது முழுப் பொய்யும் இல்லை. இரட்டைக் குழந்தைகளைச் சுமந்ததில் வயிற்றின் நடுத்தசைகள் விலகிப்போய், தொப்புளருகே சிறு குடலிறக்கமும் இருந்தது. ஆனால் டம்மி டக் என்ற வார்த்தையை மட்டும் யாரிடமும் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள்.

அன்று இரவு இரண்டு மணிக்கு, “அக்கா, நைட்டியெல்லாம் ஈரமா இருக்கு” என்று எழுப்பினாள். விளக்கைப் போட்டுப் பார்த்தால், தையலுக்குக் கீழே குழாய் வெளியே வரும் இடத்தில் இளஞ்சிவப்பு நீர் கசிந்து கட்டு முழுக்க நனைந்திருந்தது. குழாயின் நுனியில் கைக்குண்டு வடிவத்தில் ஒரு பிளாஸ்டிக் பல்பு தொங்கும். தோலுக்கடியில் ஊறும் நீரை உறிஞ்சி எடுப்பது அதன் வேலை. அது பந்து மாதிரி உப்பி, காலியாக நின்றது. சாயங்காலம் அதைக் காலி செய்தவள் நான்தான். உள்ளே இருந்ததைக் கொட்டிவிட்டு மூடியைப் போட்டுவிட்டேன். மூடுவதற்கு முன் பல்பை உள்ளங்கையில் வைத்துப் பிழிந்து, காற்றை வெளியேற்றி, பிழிந்த நிலையிலேயே மூட வேண்டும்; அப்போதுதான் உறிஞ்சும். மருத்துவமனையில் எனக்குச் சொன்னது ஒரே வரி: “தினமும் காலி பண்ணிடுங்க.” கொடுத்திருந்த எண்ணுக்கு அழைத்தேன். காலையில் ஓ.பி.க்கு வரச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்கள். நர்ஸாக இருக்கும் தோழி ஒருத்தியைத் தூக்கத்திலிருந்து எழுப்பி, அவள் வீடியோ காலில் சொல்லச் சொல்லப் பிழிந்து மூடினேன். கொஞ்ச நேரத்தில் குழாயில் நீர் இறங்கத் தொடங்கியது. அதற்குப் பிறகும் எங்கள் இருவருக்கும் தூக்கம் வரவில்லை.

பல்பை எப்படி மூடுவது என்பது ஒரு நிமிடத்தில் காட்டித்தரக்கூடிய விஷயம். அந்த ஒரு நிமிடம் எங்களுக்குக் கிடைக்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை. ‘அழகுக்காகப் பண்ணிக்கிட்டதுதானே’ என்ற கூச்சம் எங்கள் வாயை அடைத்திருந்தது. இந்த ஆபரேஷன் செய்துகொண்ட பலரை அந்தக் கூச்சம்தான் ஆபத்தில் தள்ளுகிறது என்று நம்புகிறேன். ஓய்வு கேட்கக் கூச்சம், நடுராத்திரியில் டாக்டரை அழைக்கக் கூச்சம், தப்பு நடந்தால் புகார் சொல்லவும் கூச்சம்.

உள்ளே என்ன செய்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் இத்தனை கவனம் எதற்கு என்பது விளங்கிவிடும். ஒரு பக்க இடுப்பெலும்பு முதல் மறுபக்கம்வரை அடிவயிற்றில் கீறி, தோலையும் கொழுப்பையும் தசையிலிருந்து விலா எலும்பு அருகேவரை பிரித்துத் தூக்குகிறார்கள். விலகிய தசைகளை நடுவில் சேர்த்துத் தைக்கிறார்கள். தோலைக் கீழே இழுத்து, மிஞ்சியதை வெட்டியெடுத்து, தொப்புளுக்குப் புதிதாக ஒரு துளை போட்டுத் தைக்கிறார்கள். சிசேரியன் தையலைவிட இது நீளம். உள்ளே உள்ள புண் அதைவிட அகலம். பிரித்த தோலுக்கும் தசைக்கும் நடுவே இடைவெளி இருப்பதால் அங்கே நீர் கோத்துக்கொள்ளும். இந்த ஆபரேஷனில் அதிகம் வரும் சிக்கல் அதுதான்.

குழாய் வைத்திருந்தால் ஒரு நோட்டுப் புத்தகம் வேண்டும். எந்தத் தேதி, எத்தனை மணி, எத்தனை மி.லி., என்ன நிறம் என்று எழுதுங்கள். இரண்டு குழாய் இருந்தால் தனித்தனியாக. முதலில் சிவப்பாக வருவது போகப்போக இளஞ்சிவப்பாகி, பிறகு வெளிர் மஞ்சளாக மாற வேண்டும். 24 மணி நேரத்தில் சுமார் 30 மி.லி.க்குக் கீழே குறைந்த பிறகே பெரும்பாலான டாக்டர்கள் குழாயை எடுக்கிறார்கள். உங்களுக்கு எந்த அளவு என்பதை உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வெளிறி வந்தது திடீரென்று மறுபடி ரத்தமாக வந்தாலோ, வயிற்றின் ஒரு பக்கம் மட்டும் சட்டென்று வீங்கி இறுகி வலித்தாலோ, உள்ளே ரத்தம் கசிகிறது என்று பொருள் கொள்ள வேண்டும். உடனே போக வேண்டும். குழாய் வைக்காமலே உள்தையல் போட்டுச் செய்யும் முறையும் உண்டு. அவர்களும் வீக்கத்தைக் கவனிக்க வேண்டும்.

முதல் வாரம் நிமிர்ந்து நிற்க முடியாது, நிற்கவும் கூடாது. இடுப்பில் சற்று வளைந்து கூன் போட்டமாதிரிதான் நடக்க வேண்டும். படுக்கும்போது முதுகுக்கு இரண்டு மூன்று தலையணை, முழங்காலுக்கடியில் ஒன்று. சாய்வு நாற்காலி இருந்தால் இன்னும் நல்லது. எழும்போது நேராக எழாமல் பக்கவாட்டில் உருண்டு, கையை ஊன்றி எழ வேண்டும். இருமல் வந்தால் ஒரு தலையணையை வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொள்ளலாம். தரையில் உட்காருவது, குத்தவைக்கும் கழிப்பறை இரண்டும் ஆகாது. வலி மாத்திரையில் மலச்சிக்கல் வரும். முக்கினால் தையலுக்கு ஆகாது என்பதால் மலமிளக்கியை முன்கூட்டியே எழுதி வாங்குங்கள்.

நம் வீடுகளில் இரண்டு பழக்கங்கள் பெரிய தொல்லை. ஒன்று பத்தியம். பருப்பு, முட்டை, மீன், தயிர் எல்லாம் தையலில் சீழ் வைக்கும் என்று ஒதுக்கிவிட்டு, ரசம் சோறும் பிரெட்டும் கொடுப்பார்கள். புண் ஆறுவதே புரதத்தால்தான். என் சித்தியோடு இதற்காக இரண்டு நாள் சண்டை போட்டு, மூன்றாம் நாள் டாக்டரையே போனில் பேசவைத்த பிறகுதான் முட்டை தட்டுக்கு வந்தது. தண்ணீரைக் குறைக்கச் சொல்வதும் தப்பு. மற்றொன்று வெந்நீர் ஒத்தடம். ஆபரேஷனில் நுண் நரம்புகள் அறுபடுவதால் அடிவயிற்றில் மாதக்கணக்கில் மரத்துப்போன இடங்கள் இருக்கும். சூடு உறைக்காது. வெந்நீர்ப் பையை வைத்துக்கொண்டு தூங்கி, தோல் வெந்து கொப்பளித்த பிறகே தெரிந்துகொண்டவர்கள் உண்டு. ஐஸ் பையும் அப்படியே. டாக்டர் சொல்லாமல் எதையும் வைக்காதீர்கள்.

ஆபரேஷனுக்குப் பிறகு வயிற்றைச் சுற்றிக் கட்டும் பெல்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை. இறுக்கினால் சீக்கிரம் வயிறு ஒட்டிவிடும் என்று நினைத்து மூச்சு முட்டக் கட்டிக்கொள்கிறார்கள். மடிப்பு விழுந்த இடத்தில் ரத்த ஓட்டம் குறைந்து தோல் கெட்டுப்போகலாம். ஆபரேஷன் ஆன வயிற்றில் தையலுக்கு மேலே உள்ள தோலுக்கு ஏற்கெனவே ரத்தம் குறைவாகத்தான் போகிறது. சிகரெட் பிடிப்பவர்களுக்கு அந்தத் தோல் கறுத்து அழுகும் அபாயம் மிக அதிகம் என்பதும் இதனால்தான். ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் குறைந்தது நான்கு வாரம் தொடக்கூடாது. சர்க்கரை உள்ளவர்கள் வீட்டிலும் அளவைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

நீர் கோப்பதும் சீழ் பிடிப்பதும் துன்பம்தான். உயிரை எடுப்பது வேறு: காலில் உறையும் ரத்தம். அசையாமல் படுத்தே இருந்தால் கெண்டைக்கால் ரத்தக்குழாயில் ரத்தம் கட்டி, அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைக்கலாம். அழகு சார்ந்த ஆபரேஷன்களில் இந்த ஆபத்து கூடுதலாக உள்ளவற்றில் டம்மி டக் ஒன்று. அதனால்தான் முதல் நாளே எழுப்பி நடக்கவைக்கிறார்கள். வீட்டிலும் பகலில் இரண்டு மணிக்கொரு முறை கூடத்துக்கும் அடுக்களைக்கும் மெதுவாக நடக்க வேண்டும். படுத்திருக்கும்போது பாதத்தை மேலும் கீழும் அசைக்க வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க ஊசி எழுதியிருந்தால் ஒரு வேளைகூட விடக்கூடாது. கருத்தடை மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் சொல்லியிருக்க வேண்டும். சென்னையில் ஆபரேஷன் முடித்து நான்காம் நாளே பஸ்ஸில் நாகர்கோவிலுக்கோ, விமானத்தில் கொழும்புக்கோ போவது மிகத் தவறு. மடக்கிய காலோடு உட்கார்ந்து போகும் ஒவ்வொரு மணி நேரமும் ஆபத்து. மறு பரிசோதனை முடியும்வரை ஆபரேஷன் நடந்த ஊரிலேயே தங்க ஏற்பாடு செய்துகொண்டுதான் தேதி குறிக்க வேண்டும்.

மறைப்பதன் விலை முழுசாகத் தெரிவது இந்த நாட்களில்தான். ‘சின்ன ஹெர்னியா’ என்று சொல்லப்பட்டவளிடம் ஐந்தாம் நாள் குழந்தையைத் தூக்கச் சொல்வார்கள், தண்ணீர்க் குடத்தை நகர்த்தச் சொல்வார்கள். சுமார் ஆறு வாரத்துக்கு நான்கைந்து கிலோவுக்கு மேல் எதையும் தூக்கக்கூடாது. என் தங்கை பத்தாம் நாள் மாமியாரிடம் உண்மையைச் சொன்னாள். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசாத அந்த அம்மாள், மூன்றாம் நாள் திருச்சியிலிருந்து வந்து குழந்தைகளை அழைத்துக்கொண்டு போனார்.

இனி உரிமைகள். அழகுக்காகச் செய்துகொண்டாலும் நோய்க்காகச் செய்துகொண்டாலும் நோயாளியின் உரிமை ஒன்றே. டிஸ்சார்ஜ் சம்மரியில் என்னென்ன செய்தார்கள், என்ன மருந்து, எந்த அறிகுறிக்கு உடனே வரவேண்டும், இரவில் யாரை அழைப்பது என்பவை எழுத்தில் இருக்க வேண்டும் என்று கேளுங்கள். குழாயையும் பெல்ட்டையும் துணைக்கு இருப்பவர் கையாலேயே ஒருமுறை செய்யவைத்துக் காட்டச் சொல்லுங்கள். உள்நோயாளியின் மருத்துவ ஆவணங்களை மூன்று ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும், கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்கிறது 2002-ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதி. ஆபரேஷன் குறிப்பு, சம்மதப் படிவம் இரண்டின் நகலையும் வாங்கிவைப்பது நல்லது.

சம்மதம் என்பது கடைசி நேரத்தில் நீட்டும் தாளில் கையெழுத்துப் போடுவது மட்டும் அல்ல. பரிசோதனைக்காக மயக்கம் கொடுக்கப்பட்ட பெண்ணுக்கு, வெளியே இருந்த தாயிடம் சம்மதம் கேட்டுக் கருப்பையை நீக்கிய சமீரா கோஹ்லி வழக்கில், அந்தச் சம்மதம் செல்லாது என்று 2008-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. டம்மி டக்குக்கு ஒப்புக்கொண்டவருக்கு ‘பேக்கேஜ்’ என்று சொல்லி, கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் லைபோசக்‌ஷனையும் சேர்ப்பதற்கு முன், அதற்கும் தனியாக விளக்கிச் சம்மதம் வாங்க வேண்டும். செய்பவர் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சி.ஹெச். அல்லது டி.என்.பி. பட்டம் பெற்றவரா, தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் பதிவு உள்ளதா என்று கேட்பதில் எந்த மரியாதைக் குறைவும் இல்லை. மருத்துவமனை, தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்றிருக்க வேண்டும். 2022 மே மாதம் பெங்களூருவில் கொழுப்பு நீக்கும் சிகிச்சைக்குப் போன 21 வயது நடிகை உயிரிழந்த செய்தியைப் படித்தவர்கள், இந்தக் கேள்விகளை அதிகப்படி என்று சொல்லமாட்டார்கள்.

காப்பீட்டில் அழகு சிகிச்சைக்குப் பணம் வராது. விபத்து, தீக்காயம், புற்றுநோய் ஆகியவற்றுக்குப் பிந்தைய சீரமைப்புக்கும், உடனடி உடல்நல ஆபத்தை நீக்கும் அவசியச் சிகிச்சைக்கும் மட்டும் விலக்கு உண்டு. கூடவே குடலிறக்கமும் சரிசெய்யப்பட்டால் அதற்குத் தனி பில் கேட்டு, காப்பீட்டு நிறுவனத்திடம் முன்கூட்டியே பேசுங்கள். மாமியாரிடம் சொன்ன ‘ஹெர்னியா’வை அப்படியே விண்ணப்பத்தில் எழுதினால் மொத்த உரிமைக் கோரிக்கையும் தள்ளுபடியாகலாம்.

தவறு நடந்தால்? தழும்பு நினைத்ததைவிடத் தடிமனாக இருக்கிறது, வயிறு படத்தில் பார்த்தமாதிரி ஒட்டவில்லை என்பதெல்லாம் அலட்சியம் ஆகாது. நீர் கோப்பதுகூட நல்ல டாக்டரிடமும் நடக்கும். ஆபத்தை முன்பே சொல்லாதது, தகுதியில்லாதவர் செய்தது, ‘காய்ச்சல் 100.4 டிகிரியைத் தாண்டுகிறது, தையலில் சீழ் வடிகிறது’ என்று அழைத்தும் பார்க்காமல் விட்டது ஆகியவை சேவைக் குறைபாடு. மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டது என்பதை 1995-லேயே வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்துவிட்டது. செலுத்திய தொகை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் மனு கொடுக்க வேண்டும். வக்கீல் கட்டாயமில்லை, ஆனால் இன்னொரு மருத்துவரின் எழுத்துபூர்வக் கருத்து இருந்தால் வழக்கு நிற்கும். மருத்துவமனை பற்றிய புகாரை மாவட்ட மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இணை இயக்குநரிடமும், டாக்டர் மீதான புகாரை மருத்துவக் கவுன்சிலிலும் கொடுக்கலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அந்த நோட்டுப் புத்தகமும், தேதியோடு தினமும் எடுத்த புகைப்படங்களும், அழைப்புப் பதிவுகளும் அப்போது உங்களுக்குச் சாட்சி.

எந்த மருத்துவமனையும், அரசோ தனியாரோ, உயிருக்கு ஆபத்தான நிலையில் வருபவருக்கு முதலில் சிகிச்சை தர வேண்டும் என்பது 1989-லிருந்து உச்ச நீதிமன்றத்தின் ஆணை. ஆகவே ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, ஆபரேஷன் செய்த இடத்துக்கேதான் போக வேண்டும் என்றோ விடியட்டும் என்றோ காத்திருக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள். வருபவரிடம் டம்மி டக் செய்து எத்தனை நாள் ஆகிறது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.