மூன்று விரல் உயரத்தில் துருவம்

தொலைநோக்கியில் படக்கருவியைப் பொருத்தி வானத்தைப் படம் எடுப்பவருக்கு முதலில் கிடைப்பது பெரும்பாலும் ஏமாற்றமே. புள்ளிகளாகத் தெரிய வேண்டிய விண்மீன்கள் கோடுகளாகப் பதிந்திருக்கும். இது கருவியின் குறையன்று. பூமி தன் அச்சில் சுழல்வதால் வானம் 4 நிமிடத்திற்கு ஏறக்குறைய 1 பாகை மேற்கே நகர்வதுபோல் தோன்றுகிறது. மங்கலான விண்பொருள்களைப் படமெடுக்கவோ பல நிமிடங்கள் ஒளியைச் சேர்க்க வேண்டும்.

இதற்காகத் தொலைநோக்கியைச் சுழலும் தாங்கியின்மீது பொருத்துவர். அதிலுள்ள மின்பொறி, விண்மீன்களின் வேகத்திலேயே தொலைநோக்கியைத் திருப்பிக்கொண்டிருக்கும். ஆனால், தாங்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக இருந்தால்தான் இது பயன் தரும். அவ்வாறு அமைப்பதே துருவ நேர்ப்படுத்தல்.

அச்சின் சாய்வு அவ்விடத்தின் அட்சரேகைக்குச் சமமாக இருக்க வேண்டும். தமிழ்நாட்டின் காவலூர் வானாய்வகம் ஏறக்குறைய 12½ பாகை வடக்கில் உள்ளது. அங்கு 1986இல் திறக்கப்பட்ட 2.3 மீட்டர் தொலைநோக்கியின் அச்சும் அதே அளவு சாய்ந்துள்ளது. பேராக்கின் பாகான் செராயோ 5 பாகை வடக்கில் உள்ளது. கையை நீட்டி மூன்று விரல்களைச் சேர்த்துப் பிடித்தால் அதன் அகலமே ஏறக்குறைய 5 பாகை. துருவ நட்சத்திரம் இங்கு அவ்வளவு உயரத்தில்தான் நிற்கிறது. வயல்வெளி பரந்திருந்தாலும், தொலைவிலுள்ள மரங்களும் அடிவானப் புகைமூட்டமும் அதை மறைத்துவிடும். தெரிந்தாலும், அது உண்மையான துருவத்திலிருந்து ஏறக்குறைய ⅔ பாகை விலகியே உள்ளது. இது முழுநிலவின் அகலத்தைவிட அதிகம்.

அப்படியானால் என்ன செய்வது? முக்காலியைச் சமதளமாக நிறுத்தி, திசைகாட்டியால் அச்சை வடக்கு நோக்கித் திருப்பி, சாய்வை 5 பாகையில் வைக்க வேண்டும். பின்னர், விண்மீன் விலகும் திசையைக் கொண்டு பிழையைத் திருத்தலாம்.

முதலில், வான நடுவரைக்கு அருகிலுள்ள ஒரு விண்மீன் உச்சியை நெருங்கும்போது அதைப் பார்வைப்புலத்தின் நடுவில் நிறுத்த வேண்டும். ஓரியனின் இடைவாரில் உள்ள மிந்தாக்கா இதற்கு ஏற்றது. ஜனவரி நடுப்பகுதியில் இரவு 11 மணியளவில் அது நம் தலைக்குமேல் வரும். மின்பொறி இயங்கும்போது விண்மீன் தெற்கே விலகினால் அச்சு கிழக்கே திரும்பியுள்ளது. வடக்கே விலகினால் மேற்கே திரும்பியுள்ளது. அடுத்து, கீழ்வானில் நடுவரையை ஒட்டிய ஒரு விண்மீனைப் பார்க்க வேண்டும். அது தெற்கே விலகினால் அச்சு தாழ்ந்துள்ளது. வடக்கே விலகினால் உயர்ந்துள்ளது.

பார்வைப்புலத்தில் தெற்கு எது என்ற குழப்பம் எழலாம். தொலைநோக்கியைச் சற்றே வடக்கே நகர்த்துங்கள். விண்மீன் ஒதுங்கும் பக்கமே தெற்கு.

ஒவ்வொரு முறையும் அச்சைச் சிறிதளவே திருத்தி, மீண்டும் காத்திருந்து பார்க்க வேண்டும். ஒன்றைத் திருத்தியபின் மற்றொன்றையும் சரிபார்க்க வேண்டும். விண்மீன் பல நிமிடங்கள் அசையாமல் நின்றால் அச்சு நேர்ப்பட்டுவிட்டது எனலாம். துருவத்தைக் கண்ணால் காணாமலேயே அதன் இடத்தை நாம் கண்டறிந்துவிட்டோம். இனி, விண்மீன்கள் படத்தில் புள்ளிகளாகவே பதியும்.