கைவிட மனமில்லாத கைபேசி

புடைவை மாற்றுவதுபோல் வருஷத்துக்கு ஒரு கைபேசி மாற்றுகிறவர்கள் உண்டு. நான் அந்த ரகம் இல்லை. கல்யாணச் சீரில் வந்த இட்டிலிக் கொப்பரையில்தான் இன்றைக்கும் எங்கள் வீட்டில் இட்டிலி வேகிறது. கைபேசி விஷயத்திலும் அப்படியே. 2005-ல் ஆரம்பித்து 2019 டிசம்பர் வரை எங்கள் வீட்டில் ஒரே பெயர்தான்: நோக்கியா. ராமர் காட்டில் இருந்த அதே பதினான்கு வருஷம்!

அந்தப் பதினான்கு வருஷப் பழக்கத்தை ஒரே வாரத்தில் விட வேண்டி வந்தது. அதில் நான் தவித்த தவிப்பும், கற்றுக்கொண்ட பாடமும் மற்ற சகோதரிகளுக்கும் உதவலாமே என்றுதான் இதை எழுதுகிறேன்.

டார்ச்சுக்காக வாங்கியது

எங்கள் வால்பாறையைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆழியாறிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்தால் தேயிலைத் தோட்டமும் மழையும்தான். மழை பிடித்தால் மின்சாரம் போய்விடும். எஸ்டேட் குவார்ட்டர்ஸுக்குப் போகும் பாதையில் இருட்டில் கால் வைக்கப் பயமாக இருக்கும்.

2003-ல் வெளிவந்த நோக்கியா 1100-க்குத் தலையில் ஒரு சின்ன டார்ச் விளக்கு உண்டு. "ஏனுங்க, பேசறதுக்கு ஆகுதோ இல்லையோ, வெளிச்சத்துக்காவது ஆகும், வாங்குங்க!" என்று நான்தான் என் கணவரை நச்சரித்தேன். கீழே விழுந்தாலும் உடையாது. தூசியும் ஈரமும் சுலபத்தில் உள்ளே போகாதபடி பொத்தான்கள்மேல் ஒரே ரப்பர் உறை. ஒரு தடவை சார்ஜ் போட்டால் நாள்கணக்கில் தாங்கும். உலகம் பூராவும் இருபத்தைந்து கோடிக்குமேல் விற்ற கைபேசி அது. வேறு எந்தக் கைபேசியும் அந்த அளவு விற்றதில்லை என்கிறார்கள்.

2006-ல் நோக்கியா நம் ஸ்ரீபெரும்புதூரிலேயே தொழிற்சாலை திறந்தது. அங்கே வேலைக்குச் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் கிராமத்து இளம்பெண்கள். பின்லாந்துக் கம்பெனி என்றாலும், நம் ஊர்ப் பெண்கள் கைபட்ட சாமான் என்று எனக்கு ஒரு தனிப் பாசம்.

2013-ல் என் கணவர் லூமியா 520 வாங்கி வந்தார். விரலால் தொட்டு இயக்குகிற கைபேசி. சதுரம் சதுரமாக, ரேஷன் கடைப் பலகைபோல் பளிச்சென்று கட்டங்கள். ஒருநாளில் பழகிவிட்டது. அதற்கு உள்ளே ஓடுவது விண்டோஸ் என்கிற அமைப்பு. மற்றவர்கள் வைத்திருப்பது ஆண்ட்ராய்டு, ஆப்பிள்காரர்களுடையது ஐஓஎஸ் என்பதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. "எல்லாம் கைபேசிதானே!" என்றிருந்தேன்.

கடை வராத சந்தை

நோக்கியா ஏன் அப்படி வேறு வழியில் போனது? கைபேசி உலகத்தில் 2007-ல் ஐபோன் வந்தது. அடுத்த வருஷமே ஆண்ட்ராய்டு கைபேசிகளும் வந்துவிட்டன. நோக்கியாவின் பழைய அமைப்பான சிம்பியனால் அவற்றோடு போட்டி போட முடியவில்லை. 2010-ல் தலைமைப் பொறுப்புக்கு வந்த ஸ்டீபன் எலோப், முன்பு மைக்ரோசாஃப்டில் இருந்தவர். 2011 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்டோடு கைகோத்து, இனி விண்டோஸ் அமைப்புதான் என்று அறிவித்தார்கள்.

ஆனால் பாருங்கள், கைபேசி என்பது வாரச் சந்தை மாதிரி. கடை நிறைய இருந்தால்தான் ஜனம் வரும். ஜனம் வந்தால்தான் கடை போடுவார்கள். நம் வேலைக்கு வேண்டிய செயலிகள்தான் அந்தச் சந்தையின் கடைகள். எல்லா வியாபாரிகளும் ஆண்ட்ராய்டுச் சந்தைக்கும் ஆப்பிள் சந்தைக்கும் போய்விட்டார்கள். விண்டோஸ் சந்தையில் கூட்டம் சேரவே இல்லை. 2014 ஏப்ரலில் நோக்கியாவின் கைபேசித் தொழில் மைக்ரோசாஃப்ட் கைக்குப் போனது. வரி வழக்கு காரணமாக ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலை மட்டும் அந்த விற்பனையில் சேரவில்லை. அதே வருஷம் நவம்பர் 1-ம் தேதி அது மூடப்பட்டது. அங்கே வேலை பார்த்த பெண்களை நினைத்து அன்றைக்கு மனசு கனத்துப் போயிற்று.

எங்கள் வீட்டு லூமியாவோ அதற்குப் பிறகும் ஐந்து வருஷம் உழைத்தது. வங்கிச் செயலி கிடைக்காது. பையன் பள்ளிக்கூடத்தில் கேட்கும் செயலியும் கிடைக்காது. "போனால் போகட்டும், பேச முடிகிறதே, வாட்ஸ்அப் வருகிறதே!" என்று ஓட்டினேன். கடைசியில் அதற்கும் வந்தது கேடு. 2019 டிசம்பர் 31-க்குப் பிறகு விண்டோஸ் கைபேசிகளில் வாட்ஸ்அப் இயங்காது என்று அறிவித்துவிட்டார்கள்.

அத்தையின் குரல்

"இதுக்குப் போயி இப்படி முகத்தைத் தூக்கி வெச்சுக்கறயே, நாளைக்கே பொள்ளாச்சி போயி புதுசு வாங்கிப் போடலாம்" என்றார் என் கணவர். அவருக்கு என் கவலை புரியவில்லை.

என் மாமியார் பொள்ளாச்சிப் பக்கம் கிராமத்தில் என் கொழுந்தனார் வீட்டில் இருந்தார். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் பேரன் கைபேசியை நீட்டினால், பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு எனக்குக் குரல் செய்தி அனுப்புவார். பெரிதாக ஒன்றும் இருக்காது. "அம்மிணி, கொள்ளு வேகவெச்ச தண்ணியக் கொட்டிப் போடாதே, ரசத்துக்கு ஆகும்" என்பார். "மழை காலத்துல பையனுக்குச் சளி புடிக்கும், வேது புடிச்சு உடு சாமி" என்பார். 2018-ல் அவர் காலமாகிவிட்டார். போட்டோ இருக்கிறது, சுவரில் மாலையோடு. குரல்? அது அந்த லூமியாவுக்குள் மட்டும்தான் இருந்தது.

விண்டோஸ் கைபேசியிலிருந்து ஆண்ட்ராய்டுக்கு வாட்ஸ்அப் பேச்சுக்களை அப்படியே கொண்டுபோக வழி கிடையாது. ஒவ்வொருவரோடும் நடந்த பேச்சை மின்னஞ்சலில் அனுப்பி வைக்கலாம், அவ்வளவுதான். எனக்கோ மின்னஞ்சல் பழக்கமில்லை. மலைமேல் சிக்னலும் அந்தச் சமயத்தில் ஆமை வேகம். இன்னொரு சங்கடம்: புதுக் கைபேசியில் அதே எண்ணை வாட்ஸ்அப்பில் பதிவு செய்தால், பழையதில் அது மூடிக்கொள்ளும். அவசரப்பட்டால் இரண்டும் கெட்டான்!

பழைய சூடு ஒன்றும் எனக்கு நினைவில் இருந்தது. லூமியா வாங்கிய சமயம், பெரிய சிம் கார்டு அதற்குள் போகாது என்று ஒரு கடைக்காரர் ஓரத்தை வெட்டிக் கொடுத்தார். வெட்டிய வெட்டில் சிம்மே பழுதாகி, அதில் சேர்த்து வைத்திருந்த அத்தனை பேர் எண்ணும் போயே போய்விட்டது. கல்யாணப் பத்திரிகைகளைத் தேடித்தேடி எண் சேர்க்க எனக்கு ஒரு மாசம் ஆயிற்று.

அதனால் இந்தத் தடவை நிதானமாக இருந்தேன். புது ஆண்ட்ராய்டு கைபேசியை வாங்கினோம்; சிம்மை மாற்றவில்லை. ஒரு ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு, சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, இரண்டு கைபேசிகளையும் மேடைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். புதியதில் குரல் பதிவுச் செயலியை ஓடவிட்டு, பழையதில் அத்தையின் செய்திகளை ஒவ்வொன்றாகப் பாட வைத்தேன். நடுவில் ஒரு தடவை குழாயில் தண்ணீர் சொட்டிய சத்தமும், ஒரு தடவை நான் மூக்கை உறிஞ்சிய சத்தமும் பதிவாகிவிட்டன. பரவாயில்லை. மொத்தம் பதினேழு செய்திகள். மறுநாள் அந்தப் பதிவைக் கொழுந்தனாருக்கும் நாத்தனாருக்கும் அனுப்பி வைத்தேன். இனி ஒரு கைபேசி கெட்டால் குரல் போய்விடாது. அதற்குப் பிறகுதான் சிம்மை மாற்றினேன்.

யானைச் செய்தி

அத்தையின் குரலைக் காப்பாற்றிவிட்டேன் என்று நான் பெருமைப்பட்ட இரண்டாவது வாரமே ஒரு தப்பு செய்தேன்.

வால்பாறையில் கைபேசி வெறும் பேச்சுக்கு மட்டுமில்லை. சாயங்காலமானால் தேயிலைக் காட்டுக்குள் யானை வரும். யானையால் இங்கே நேர்ந்த மரணங்களில் பெரும்பாலானவை, பக்கத்தில் யானை நிற்பது தெரியாமல் போனதால் நேர்ந்தவை. இதைக் கண்டறிந்த இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையினர், 2011-லிருந்து யானை நிற்கும் இடத்தைச் சுற்றியுள்ளவர்களின் கைபேசிக்குக் குறுஞ்செய்தி அனுப்ப ஆரம்பித்தார்கள். முக்கியமான இடங்களில் கைபேசி மூலமே எரிய வைக்கும் சிவப்பு விளக்குகளும் உண்டு. இந்தப் பணியை முன்நின்று நடத்திய டாக்டர் ஆனந்தகுமாருக்கு 2015-ல் இங்கிலாந்தின் விட்லி விருது கிடைத்தது.

புதுக் கைபேசியில் விளம்பரக் குறுஞ்செய்தித் தொல்லை தாங்கவில்லை. ஒருநாள் கோபத்தில் வரிசையாக அமுக்கி அமுக்கி, எல்லாவற்றையும் தடை செய்துவிட்டேன். அதில் யானைச் செய்தி வரும் பெயரும் சேர்ந்து போய்விட்டது! 2020 ஜனவரியில் ஒரு சாயங்காலம். பையன் ட்யூஷனிலிருந்து நடந்து வருகிற நேரம். எனக்குச் செய்தி வரவில்லை. "இன்றைக்கு யானை இல்லை" என்று நிம்மதியாகச் சப்பாத்தி இட்டுக்கொண்டிருந்தேன். வழியில் சிவப்பு விளக்கு எரிவதைப் பார்த்து, பையன் தெரிந்தவர் வீட்டில் ஒதுங்கிக்கொண்டான். அவன் கூப்பிட்டுச் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. கையில் மாவோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கைபேசிமேல் குற்றமில்லை, பார்க்காமல் அமுக்கிய என் விரல்மேல்தான் குற்றம்.

மாறப்போகிற சகோதரிகளுக்கு

இப்போது ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கோ, அதிலிருந்து இதற்கோ மாறுகிறவர்கள் நிறைய. எங்கள் காலத்தைவிட வழிகள் சுலபமாகிவிட்டன. ஆனாலும் சிலதைக் கவனியுங்கள்.

பெயர்களும் எண்களும் சிம்மிலோ கைபேசியிலோ மட்டும் இருக்க வேண்டாம். கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கில் சேமியுங்கள். முக்கியமான பத்து எண்களை ஒரு நோட்டில் எழுதி, அஞ்சறைப் பெட்டிப் பக்கத்தில் வையுங்கள்.

வாட்ஸ்அப்பில் இரண்டு வீட்டுச் சாவியும் வேறு. கூகுள் கணக்கில் சேமித்த பேச்சுக்களை ஐபோன் எடுத்துக்கொள்ளாது; ஆப்பிள் சேமிப்பை ஆண்ட்ராய்டு எடுத்துக்கொள்ளாது. ஆனால் ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்குப் போகிறவர்களுக்கு 'மூவ் டு ஐஓஎஸ்' என்ற செயலி இருக்கிறது. 2022-லிருந்து வாட்ஸ்அப் பேச்சுக்களையும் அதன்வழி மாற்றலாம். புது ஐபோனை முதன்முதலில் தயார் செய்யும்போதே இதைச் செய்துவிட வேண்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க நேரும்.

ஐபோனை விட்டு வருகிறவர்கள், சிம்மை எடுக்கும் முன் அதில் 'ஐமெசேஜ்' வசதியை நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் ஐபோன் வைத்திருக்கும் உறவினர் அனுப்பும் செய்திகள் உங்களுக்கு வராமல் போகலாம்.

பணம் அனுப்பும் யு.பி.ஐ. செயலிகளைப் புதுக் கைபேசியில் திரும்பப் பதிவு செய்ய வேண்டும். அதற்கு உங்கள் சிம்மிலிருந்து ஒரு குறுஞ்செய்தி போகும். ஆகவே செய்தி அனுப்பும் வசதி ரீசார்ஜில் இருக்கிறதா என்று பாருங்கள். ரகசிய எண்ணைக் கடைக்காரர் உட்பட யாரிடமும் சொல்லாதீர்கள். மோசம் போனதாகத் தெரிந்தால் உடனே 1930 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள்.

*#06# அழுத்தினால் பதினைந்து இலக்க எண் ஒன்று தெரியும். அதையும் நோட்டில் எழுதி வையுங்கள். கைபேசி தொலைந்தால் புகார் கொடுக்க உதவும்.

பழைய கைபேசியை ஒரு மாசமாவது அழிக்காமல் வைத்திருங்கள். எல்லாம் சரியாக வந்துவிட்டதென்று தெரிந்த பிறகு, அதிலுள்ள கணக்கை நீக்கிவிட்டு, பிறகு முழுவதும் அழியுங்கள். குப்பையில் போடாதீர்கள், மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, முதல் வாரத்தில் எதையும் அவசரப்பட்டுத் தடை செய்யாதீர்கள். உங்கள் ஊரில் யானை வராமல் இருக்கலாம். பிள்ளையின் பள்ளிக்கூடச் செய்தி, தடுப்பூசித் தேதி, கேஸ் சிலிண்டர் எண் என்று ஏதாவது ஒன்று வரத்தானே செய்யும்?

இன்றைக்கு ஆண்ட்ராய்டும் எனக்குக் கைப்பழக்கமாகிவிட்டது. இதுவும் ஒருநாள் மாறும்; அதற்காக அன்றுபோல் கலங்க மாட்டேன். லூமியா இன்னும் பீரோவில் ஒரு கைக்குட்டைக்குள் தூங்குகிறது. என் கணவர், "மின்கழிவுல போடச் சொல்லி ஊருக்கெல்லாம் எழுதறே, நீ மட்டும் வெச்சுக்கறே?" என்று கேலி செய்கிறார். என்ன செய்வது! போன வாரம் கொள்ளு வேகவைத்தபோது தண்ணீரைக் கொட்டப்போனேன். அத்தையின் பதிவு ஞாபகம் வந்தது, கையை இழுத்துக்கொண்டேன். ரசம் அன்றைக்கு நன்றாகவே இருந்தது.