கண்ணு மங்கினா எல்லாம் புரை அல்ல! பழவேற்காடு மீனவர்கள் கவனிக்க வேண்டிய கண் நோய்கள்

பொன்னேரி:

திருவள்ளூர் மாவட்டம் பழவேற்காடு ஏரி, ஒடிசாவின் சில்கா ஏரிக்கு அடுத்தபடியாக நாட்டின் 2-வது பெரிய உவர்நீர் ஏரி ஆகும். லைட்ஹவுஸ் குப்பம், கோட்டைக்குப்பம், கூனங்குப்பம் உள்பட ஏராளமான மீனவ கிராமங்கள் இந்த ஏரியையும் கடலையும் நம்பியே உள்ளன.

படகில் போகும் ஆண்களுக்கும், தண்ணீரில் உட்கார்ந்து கையால் இறால் தேடும் பெண்களுக்கும் வெயில் இரண்டு பக்கமும் அடிக்கிறது. மேலே இருந்து ஒரு அடி. தண்ணீரில் பட்டு தெறித்து கீழே இருந்து ஒரு அடி. இதோடு உப்புக்காற்றும் மணலும் சேர்ந்து கொள்கிறது.

கண் மங்கினால், "வயசாயிடுச்சு, புரையா இருக்கும். அப்புறம் பாத்துக்கலாம்" என்று தள்ளிப்போடுவது பலரது வழக்கம். ஆனால் எல்லா மங்கலும் புரை அல்ல. சில நோய்களில் போன பார்வை திரும்பவே திரும்பாது.

கண் எப்படி பார்க்கிறது?

கண்ணை கேமரா போல நினைத்துக்கொள்ளலாம். முன்னால் கண்ணாடி போல இருப்பது கருவிழி. வெளிச்சம் அதன் வழியாக நுழைந்து, நடுவில் உள்ள பாப்பா வழியே உள்ளே போகிறது. வெயிலில் பாப்பா சுருங்கும். இருட்டில் விரியும்.

அதன் பின்னால் உள்ள லென்ஸ், வெளிச்சத்தை குவித்து கண்ணின் பின்சுவரில் உள்ள விழித்திரையில் விழ வைக்கிறது. அங்கே படம் தலைகீழாக விழும். பார்வை நரம்பு அதை மூளைக்கு கொண்டு போக, மூளை நேராக்கி காட்டுகிறது.

இருட்டில் பார்ப்பதற்கு என்று விழித்திரையில் தனி செல்கள் உள்ளன. அவை முழுசாக பழகுவதற்கு 20 முதல் 30 நிமிடம் ஆகும். ராத்திரி படகில் செல்போன் வெளிச்சத்தை ஒரு தடவை பார்த்தாலும் அந்த பழக்கம் கலைந்து விடும்.

வலை ஊசி தெரியலையா?

40 வயதுக்கு மேல் வலை ஊசியில் நூல் கோர்க்க சிரமமா? தூரத்தில் பிடித்தால்தான் தெரிகிறதா? இது வெள்ளெழுத்து. லென்ஸ் இறுகி, வளையும் தன்மையை இழப்பதால் வருகிறது. கண்ணாடி போட்டால் சரியாகி விடும்.

பிள்ளைகளுக்கு போர்டில் எழுதுவது தெரியாவிட்டால் அது பெரும்பாலும் கிட்டப்பார்வை. இதற்கும் கண்ணாடிதான் வழி. "கண்ணாடி போட்டா பவர் ஏறிடும்" என்பது தவறான நம்பிக்கை.

கண்ணில் சதை வளர்வது ஏன்?

மூக்கு பக்கத்தில் இருந்து கருவிழியை நோக்கி முக்கோணமாக சதை வளர்வதை கடலோரத்தில் பார்க்கலாம். வெயில், காற்று, தூசி ஆகியவைதான் முக்கிய காரணம். இது புற்றுநோய் அல்ல. பாப்பாவை நெருங்கினால் பார்வை கெடும், அப்போது ஆபரேஷன் தேவைப்படும். எடுத்த பிறகும் சிலருக்கு மறுபடி வளரலாம்.

அமெரிக்க மீனவர்களிடம் ஆய்வு

லென்ஸ் கலங்கி வெள்ளையாவதுதான் புரை. வயதும், சர்க்கரை நோயும், புகைப்பழக்கமும் காரணம். வெயிலுக்கும் பங்கு உண்டு.

அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் தொழில் செய்யும் 838 பேரிடம் நடத்திய ஆய்வு 1988-ல் வெளியானது. வெயிலின் புற ஊதா கதிர் கண்ணில் அதிகம் பட்டவர்களுக்கு, லென்சின் வெளிப்பகுதியில் வரும் புரை அதிகமாக இருப்பது அதில் தெரிய வந்தது.

அகலமான விளிம்பு உள்ள தொப்பியும், புற ஊதா கதிரை தடுக்கும் கூலிங் கிளாசும் இதற்கு பாதுகாப்பு. கருப்பாக இருக்கிறது என்பதற்காக எந்த கண்ணாடியையும் வாங்கக்கூடாது. கதிரை தடுக்காத கருப்பு கண்ணாடியில் பாப்பா விரிந்து கெடுதல்தான் அதிகமாகும்.

புரைக்கு மருந்து, மாத்திரை கிடையாது. கலங்கிய லென்சை எடுத்து செயற்கை லென்ஸ் வைப்பார்கள். அரசு ஆஸ்பத்திரிகளில் இது இலவசம்.

சத்தமில்லாமல் திருடும் நோய்

கண்ணுக்குள் நீர் அழுத்தம் ஏறி பார்வை நரம்பை அரிப்பது கண் அழுத்த நோய். பெரும்பாலும் வலி இருக்காது. முதலில் பக்கவாட்டு பார்வை குறையும். நேராக தெரிவதால் ஆளுக்கு சந்தேகமே வராது. பக்கத்தில் வரும் படகு தெரியாமல் போன பிறகு விழித்தால், போன பார்வையை எந்த ஆபரேஷனாலும் மீட்க முடியாது. சொட்டு மருந்தால் மிச்சத்தை காப்பாற்றலாம்.

அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர்களுக்கு இந்த நோய் இருந்தால் மற்றவர்களும் பரிசோதனை செய்ய வேண்டும். சர்க்கரை நோயாளிகளுக்கு விழித்திரையில் ரத்தக்கசிவு வரலாம். எனவே அவர்கள் வருடம் ஒருமுறை கட்டாயம் கண்ணை காட்ட வேண்டும்.

செய்யக்கூடாதது என்ன?

* மீன் முள், நண்டு கொடுக்கு கண்ணில் குத்தினால் கசக்கக்கூடாது. குத்தி நிற்பதை பிடுங்கக்கூடாது. கண்ணை அழுத்தாமல் மூடி உடனே ஆஸ்பத்திரி போக வேண்டும்.

* பச்சிலை சாறு, தாய்ப்பால் விடக்கூடாது. கருவிழியில் புண் வந்து பூ விழுந்து விடும்.

* மெடிக்கலில் சொட்டு மருந்தை தானாக வாங்கி விடக்கூடாது. ஸ்டீராய்டு கலந்த மருந்தை தொடர்ந்து விட்டால் கண் அழுத்தமும் புரையும் வரும்.

* திடீரென மின்னல் போல தெரிந்தாலோ, திரை விழுந்தது போல மறைத்தாலோ, கண் சிவந்து கடுமையாக வலித்தாலோ அன்றைக்கே டாக்டரை பார்க்க வேண்டும்.

வீட்டிலேயே பார்க்கலாம்

ஒரு கண்ணை மூடிக்கொண்டு மறு கண்ணால் தூரத்தில் உள்ள கலங்கரை விளக்கத்தை பாருங்கள். பிறகு கண்ணை மாற்றுங்கள். ஒரு கண்ணில் மங்கலாக தெரிந்தால் தாமதிக்க வேண்டாம். நன்றாக தெரிந்தாலும் கண் அழுத்த நோய் இல்லை என்று அர்த்தம் அல்ல. 40 வயது தாண்டியவர்கள் அழுத்தத்தையும் நரம்பையும் பரிசோதிப்பதே பாதுகாப்பு.

அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதலில் காட்டலாம். பெரிய சிகிச்சைக்கு சென்னை எழும்பூர் அரசு கண் ஆஸ்பத்திரி இருக்கிறது. 1819-ல் தொடங்கப்பட்ட இந்த ஆஸ்பத்திரி, உலகின் பழமையான கண் ஆஸ்பத்திரிகளில் ஒன்று என்பது குறிப்பிடத்தக்கது.