36 பேருக்கான வீட்டில் 75 பேர்

புருஷன் பெண்டாட்டி விவகாரத்தில் அடுத்தவர் தலையிடக் கூடாது என்பது நம் ஊர் வழக்கம் மட்டுமல்ல. ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு லண்டன் போலீஸும் அப்படித்தான் கைவிரித்தது. அடிதாங்காமல் பிள்ளைகளோடு நள்ளிரவில் வெளியேறும் பெண்ணுக்குப் போக்கிடம் இல்லை. அந்த இடத்தை உருவாக்கியது அரசு அல்ல. மேற்கு லண்டனின் சிஸ்விக் பகுதிப் பெண்கள்.

தொடக்கம் ஒரு பால் போராட்டம். 1971இல் கல்வி அமைச்சர் மார்கரெட் தாட்சர், ஏழு வயதைத் தாண்டிய பிள்ளைகளுக்குப் பள்ளியில் கொடுத்துவந்த இலவசப் பாலை நிறுத்தினார். அதை எதிர்த்து சுமார் 500 பெண்களும் குழந்தைகளும் ஒரு பசுவையும் ஓட்டிக்கொண்டு ஊர்வலம் போனார்கள். பால் திரும்பக் கிடைக்கவில்லை. ஆனால், ஒன்றுகூடியவர்களுக்கு உட்கார்ந்து பேச ஓர் இடம் வேண்டும் என்ற எண்ணம் வந்தது. அவர்களில் ஒருவரான எரின் பிட்ஸி முன்னின்று கேட்க, பெல்மான்ட் டெரஸில் சின்னஞ்சிறு வீடு ஒன்றை உள்ளாட்சி நிர்வாகம் கொடுத்தது.

விலைவாசியையும் தனிமையையும் பேசத் திறந்த வீடு அது. அங்கே ஒரு பெண் தன் உடம்பில் இருந்த காயங்களைக் காட்டினாள். அவளை அடி வாங்கிய வீட்டுக்கே திருப்பி அனுப்ப யாருக்கும் மனம் வரவில்லை. செய்தி பரவியது, அவளைப் போன்றவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். தரையெல்லாம் மெத்தை விரித்தும் இடம் போதவில்லை. பிறகு சிஸ்விக் ஹை ரோட்டில் பெரிய வீடு கிடைத்தது. அதில் 36 பேர்தான் தங்கலாம் என்றது நிர்வாகம். 1976இல் அதிகாரிகள் வந்து எண்ணியபோது உள்ளே இருந்தவர்கள் 75 பேர். பிட்ஸி மீது வழக்கு பாய்ந்தது. நாங்கள் அனைவரும் ஒரே குடும்பம் என்ற வாதத்தை அன்றைய உச்ச நீதி அமைப்பான பிரபுக்கள் சபையும் ஏற்கவில்லை.

சட்டப்படி அந்தத் தீர்ப்பு சரியாகவே இருக்கலாம். ஆனால் அந்த நெரிசல்தான் நாட்டுக்கு உண்மையைச் சொன்னது. போக இடம் இல்லாத வரையில் அடி வாங்கியவர்கள் எந்தக் கணக்கிலும் வரவில்லை. ஒரு வீடு திறந்த பிறகே அவர்களை எண்ண முடிந்தது.

எண்ணிக்கை தெரியத் தெரியச் சட்டமும் அசைந்தது. 1974இல் கிட்டத்தட்ட 40 அடைக்கல இல்லங்கள் சேர்ந்து தேசியக் கூட்டமைப்பு அமைத்தன. 10,000 பேருக்கு ஒரு குடும்பம் தங்கும் இடமாவது வேண்டும் என்று 1975இல் நாடாளுமன்றக் குழு பரிந்துரைத்தது. அடிப்பவனை வீட்டைவிட்டு வெளியேற்ற நீதிமன்றத்துக்கு 1976 சட்டம் அதிகாரம் தந்தது. மணம் செய்யாமல் சேர்ந்து வாழ்பவர்களுக்கும் அந்தப் பாதுகாப்பு உண்டு என்பதை 1978இல் உறுதிசெய்த வழக்கைத் தொடுத்தவரே, சிஸ்விக் இல்லத்தில் தஞ்சம் புகுந்த பெண்தான்.

பிட்ஸி பின்னாளில் பெண்கள் இயக்கத்தோடு முரண்பட்டு விலகினார். ஆனால் இல்லத்தின் பணி நிற்கவில்லை. 1993 முதல் ‘ரெஃப்யூஜ்’ என்ற பெயரில் அது நாடு தழுவிய அமைப்பாக இயங்குகிறது.

ஆனாலும் எல்லாருக்கும் கதவு ஒரே மாதிரி திறக்கவில்லை. அடைக்கல இல்லங்கள் பெரும்பாலும் அரசின் வீட்டு உதவித்தொகையை நம்பி நடப்பவை. கணவனின் விசாவில் இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் போகும் மணப்பெண்ணுக்கு அந்த உதவி கிடையாது. உதவித்தொகை இல்லாவிட்டால் படுக்கையும் இல்லை. 1979இல் தொடங்கிய ‘சவுத்ஹால் பிளாக் சிஸ்டர்ஸ்’ போன்ற அமைப்புகள் பல ஆண்டுகள் போராடிய பிறகே, 2012இல் இவர்களில் ஒரு பகுதியினருக்கு மூன்று மாத உதவி கிடைக்க வழி பிறந்தது.

நம் நாட்டின் 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் பெண்ணுக்கு இரண்டையும் தருகிறது: குடியிருக்கும் வீட்டிலேயே தொடர்ந்து வாழும் உரிமை, கேட்டால் காப்பகத்தில் இடம். ஏட்டில் இருக்கும் இந்த உரிமை, இரவு பதினொரு மணிக்குக் காலியாக ஒரு படுக்கை இருந்தால்தான் உயிர்பெறும். உள்ளாட்சித் தேர்தலில் சாலையும் சாக்கடையும் கேட்கிற நாம், நம் மாவட்டத்தில் அப்படி எத்தனை படுக்கைகள் உள்ளன என்றும் கேட்க வேண்டும். இன்றே உதவி தேவைப்படுகிறவர்கள் 181ஐ அழைக்கலாம்.